லைசென்சைப் போலீசார் வாங்கிக்கொண்டால்...?

காலை 9 மணி. ஊரின் நடுவே நாற்சந்தி. விசில் சத்தம் கேட்கிறது. போலீஸ்காரர் கையை நீட்டுகிறார். ‘குட்டி யானை’ வண்டி ஒன்று ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. வண்டி நிறையத் தக்காளிக் கூடைகள்.

"செல்போன்ல பேசிக்கிட்டே வர்றியேப்பா! லைசென்சை எடு."

"சார்... முதலாளி சார். எங்கே வர்றேன்னு கேட்டார். ஒரு நிமிஷந்தான் சார்!"

"ஒரு நிமிஷம் போதுமே, ஒரு உயிர் போக! எடு, எடு."

லைசென்சு சப்-இன்ஸ்பெக்டரின் கைக்குப் போகிறது. டிரைவரின் கைக்கு ஒரு சீட்டு வருகிறது. அந்தச் சீட்டை அவர் படித்துப் பார்க்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். "அதான் ரசீது கொடுத்துட்டாங்களே" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார்.

அங்கேதான் வினையே ஆரம்பம்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தமிழ்நாட்டில் எந்த ஊர் நாற்சந்தியில் நின்று பார்த்தாலும் இப்படி ஒரு காட்சியைக் காணலாம். லைசென்சு போனால் அபராதத்தோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்சுதான் அடுப்பில் உலை ஏறுவதற்கு உத்தரவாதம். அது போலீசார் கைக்குப் போனபின் திரும்பி வரும் வழி எது? அதுவரை வண்டி ஓட்டலாமா, கூடாதா? இதற்கெல்லாம் பதில் அந்தச் சின்னச் சீட்டில்தான் இருக்கிறது.

சீட்டு இரண்டு வகை

நம் நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதில் 206-வது பிரிவு, லைசென்சைப் போலீசார் வாங்கி வைத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்கிறது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பிரிவில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அதனால் இன்று லைசென்சை வாங்கி வைப்பதில் இரண்டு வகை இருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பலனோ நேர் எதிர்!

முதல் வகை, பழைய வகை. ஒருவர் ஏதோ குற்றம் செய்ததாகப் போலீசார் சொல்கிறார்கள். அவரோ, "நான் குற்றம் செய்யவில்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். வெளியூர்க்காரர். சம்மன் அனுப்பினால் வாங்குவாரோ, மாட்டாரோ! கோர்ட்டுக்கு வராமல் நழுவிவிடுவார் என்று நம்பக் காரணம் இருந்தால் அதிகாரி லைசென்சை வாங்கி, வழக்கை விசாரிக்கும் கோர்ட்டுக்கு அனுப்பலாம். பதிலுக்கு ஒரு தற்காலிகச் சீட்டு கட்டாயம் கொடுக்கவேண்டும்.

இந்தச் சீட்டுக்கு ஒரு பலம் உண்டு. இதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம்! லைசென்சு திரும்பி வரும்வரை, அல்லது சீட்டில் குறித்த தேதிவரை, இவற்றில் எது முந்தி வருகிறதோ அதுவரை ஓட்டலாம்.

இரண்டாவது வகை, 2019-ல் வந்த வகை. இதில் லைசென்சு கோர்ட்டுக்குப் போகாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று நாம் சொல்லும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும். "இவருக்கு வண்டி ஓட்டும் தகுதி இருக்கலாமா, கூடாதா?" என்று அங்கே விசாரிப்பார்கள். இதற்கும் சீட்டு கொடுப்பார்கள். ஆனால் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. சட்டமே அப்படிச் சொல்லிவிட்டது!

நம் தக்காளி வண்டி டிரைவருக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது சீட்டு. போலீசாரிடமிருந்து விடுபட்டு அவர் வண்டியைக் கிளப்பிய அந்த நிமிஷமே அடுத்த குற்றமும் ஆரம்பமாகிவிட்டது.

எந்தக் குற்றத்துக்கு எந்தச் சீட்டு?

அளவுக்கு மிஞ்சிய வேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, சாலையில் பந்தயம் விடுவது, பழுதுபட்ட வண்டியையோ புகையும் சத்தமும் வரம்பு மீறிய வண்டியையோ ஓட்டுவது, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றுவது, ஹெல்மெட் போடாதது, ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதது - இவை எல்லாம் இரண்டாவது வகையில் வருகின்றன.

ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்துப் பேசுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவை ‘ஆபத்தாக ஓட்டுவது’ என்பதற்குள் அடக்கம்.

ஹெல்மெட் இந்தப் பட்டியலில் இருக்கிறதே என்று பலர் திகைக்கலாம். ஆம், இருக்கிறது! 1,000 ரூபாய் அபராதம் மட்டுமல்ல, மூன்று மாதம் லைசென்சு தகுதி இழப்பும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. பல இடங்களில் அபராதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அதனால் அடுத்த பாதி மக்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரே ஸ்கூட்டரில் கல்யாணத்துக்குப் போகும் குடும்பத் தலைவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

காரில் சீட் பெல்ட் போடாதது இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு அபராதம் உண்டு. ஆனால் அதைக் காட்டி லைசென்சை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப 206-வது பிரிவில் இடமில்லை. வெளியூர்க் கார்க்காரர் வாதாடிக்கொண்டு நின்றால், முதல் வகைப்படி கோர்ட்டுக்கு வேண்டுமானால் லைசென்சு போகலாம்.

ஆகவே, சீட்டு கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே படிக்கவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவராக இருந்தாலும் வெட்கப்படாமல் படிக்கவேண்டும். புரியவில்லையா? "சார், இது கோர்ட்டுக்குப் போகுதா, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகுதா? இந்தச் சீட்டை வச்சு நான் ஓட்டலாமா?" என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. எந்தப் பிரிவு, என்ன தேதி, எந்தப் போலீஸ் நிலையம், வாங்கிய அதிகாரியின் பெயரும் பதவியும் என்ன - இவை சீட்டில் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சீட்டே தராமல் "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா" என்று சொன்னால் அது சட்டப்படி சரியல்ல. சீட்டு கொடுத்தே தீரவேண்டும்.

கோர்ட்டுக்குப் போனது திரும்பும் வழி

கோர்ட்டு என்றதும் பாதிப் பேருக்குக் கைகால் நடுங்குகிறது. வாய்தா, வக்கீல், அலைச்சல் என்று கணக்குப் போட்டு, போகாமலே இருந்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டில் இதுதான் சுலபம்!

முதல் தடவை கோர்ட்டில் ஆஜரானவுடனேயே, தற்காலிகச் சீட்டை வாங்கிக்கொண்டு லைசென்சைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழக்கு முடியும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஆள் கோர்ட்டுக்கு வருவாரா என்பதுதானே சந்தேகம்? ஆள் வந்துவிட்டார். பிறகு லைசென்சைப் பிடித்து வைப்பானேன்?

குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டு வரலாம். இல்லையென்றால் வாதாடலாம். எப்படியிருந்தாலும் போகவேண்டும். சீட்டைப் பத்திரமாகக் கொண்டு போகவேண்டும்.

சில சமயம் சீட்டில் குறித்த தேதி முடிந்துவிடும். லைசென்சு வந்திருக்காது. கோர்ட்டு விடுமுறையாக இருந்திருக்கலாம். காகிதம் வந்து சேராமல் இருந்திருக்கலாம். இதில் டிரைவர்மீது தப்பில்லை என்றால், சீட்டின் தேதியை நீட்டித்துத் தரும்படி மனுக் கொடுக்கலாம். அதற்கும் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். தேதி முடிந்த சீட்டு வெறும் காகிதம். அதை நம்பி ஓட்டக்கூடாது.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனது...

இதுதான் சற்றுக் கடினமான பாதை.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். லைசென்சை வாங்கி அனுப்பத்தான் போலீசாருக்கு அதிகாரம். அதை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்கவோ, ரத்து செய்யவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அது லைசென்சு வழங்கும் அதிகாரியின் வேலை. 2022-ல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. வேகமாக ஓட்டியதாகச் சொல்லி, போக்குவரத்துப் போலீஸ் அதிகாரியே லைசென்சை நிறுத்திவைத்துவிட்டார். அது செல்லாது என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

ஆர்.டி.ஓ. ஆபீசிலும் எடுத்த எடுப்பில் உத்தரவு போட்டுவிட முடியாது. "உங்கள் லைசென்சை ஏன் நிறுத்திவைக்கக்கூடாது?" என்று கேட்டு, லைசென்சுதாரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். விளக்கம் திருப்தியாக இருந்தால் நடவடிக்கையைக் கைவிட்டுவிடலாம். இல்லையென்றால் காரணங்களை விவரமாக எழுதி உத்தரவிடவேண்டும்.

இந்த விசாரணையைத்தான் நம் ஆட்கள் கோட்டைவிடுகிறார்கள்! நோட்டீசு எந்த விலாசத்துக்குப் போகிறது? லைசென்சில் உள்ள விலாசத்துக்கு. அதில் இருப்பதோ எட்டு வருஷத்துக்கு முன் குடியிருந்த வாடகை வீடு! அங்கே இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். தபால் திரும்பிப் போகிறது. "தகவல் கொடுத்தும் வரவில்லை" என்று எழுதி உத்தரவு போட்டுவிடுகிறார்கள். ஆகவே லைசென்சு போன ஒன்றிரண்டு நாளிலேயே, நோட்டீசுக்குக் காத்திராமல், சீட்டுடன் ஆபீசுக்குப் போய்த் தற்போதைய விலாசத்தை எழுதிக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். எழுதிக் கொடுத்ததன் நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொள்ளவேண்டும்.

விசாரணையில் என்ன சொல்வது? நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் நல்லது. "நான் ஏழை, விட்டுவிடுங்கள்" என்று அழுவதைவிட, ஆதாரம் ஏதாவது இருந்தால் காட்டுவது பலன் தரும். பிரசவ வலியில் இருந்த மனைவியை ஏற்றிக்கொண்டு போனதால் வேகம் கூடியிருந்தால், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டலாம். இதற்குமுன் குற்றமே செய்யாதவர் என்றால் அதைச் சொல்லலாம். முடிவு அதிகாரியின் கையில். ஆனாலும் சொன்னது காகிதத்தில் ஏறும். பின்னால் மேல்முறையீட்டுக்கு அது உதவும்.

முதல் குற்றத்துக்கு மூன்று மாதத் தகுதி இழப்பு. அதே வழியில் மறுபடியும் சிக்கினால் லைசென்சே ரத்து! உத்தரவு நியாயமில்லை என்று தோன்றினால், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 31-வது நாள் ஓடிப் பயனில்லை.

குடித்துவிட்டு ஓட்டியவர் கதை வேறு. அது கோர்ட்டுக்கும் போகிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தண்டனை பெற்றவரின் லைசென்சை ஆறு மாதத்துக்குக் குறையாமல் கோர்ட்டு பறிக்கும். இவருக்காக வாதாட நமக்கு மனம் வரவில்லை.

மூன்று மாதம் எப்படி வந்தது?

மூன்று மாதம் என்ற கணக்கு 2019-க்கு முன்பே பேச்சில் வந்துவிட்டது. சாலைப் பாதுகாப்புக்காகச் சுப்ரீம் கோர்ட்டு ஒரு குழுவை அமைத்திருந்தது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், குடிபோதை, செல்போன் போன்றவற்றுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்சை நிறுத்திவைக்கும்படி அந்தக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். ஒரு பெரிய நகரசபை ஊரின் ஜனத்தொகை!

ஆனால் ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதச் சம்பளக்காரரின் ஸ்கூட்டர் லைசென்சு மூன்று மாதம் போனால் அவர் பஸ்சில் ஆபீசுக்குப் போவார். அன்றாடம் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு மூன்று மாதம் என்பது 90 நாள் கூலி. வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், வட்டிக்காரர் எல்லாம் காத்திருப்பார்களா? நம் தக்காளி வண்டிக் கதையில், ஓடுகிற வண்டிக்குப் போன் போட்ட முதலாளிக்கு ஒரு தண்டனையும் கிடையாது! டிரைவர் போனை எடுக்காவிட்டால் வேலை போகும்; எடுத்தால் லைசென்சு போகும். இந்த நியாயத்தைச் சட்டம் இன்னும் யோசிக்கவில்லை.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

கையில் காசில்லாமல் தவிக்கும்போதுதான் தப்பான யோசனைகள் வந்து சேரும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார்: "லைசென்சு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்கண்ணே. ஒரே வாரத்தில் நகல் வாங்கித் தர்றேன்."

நம்பவேண்டாம்! லைசென்சு விவரங்கள் எல்லாம் இப்போது ‘சாரதி’ என்ற கம்ப்யூட்டர் ஏட்டில் இருக்கின்றன. நிறுத்திவைத்த உத்தரவும் அதில் ஏறிவிடும். தகுதி இழந்த காலத்தில் வேறு லைசென்சுக்கு மனுப் போடுவதே தனிக் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்தக் காலத்தில் வண்டி ஓட்டினாலும் இதே தண்டனைதான்.

"செல்போனில் லைசென்சு படம் வைத்திருக்கிறேன். அட்டை வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதை எப்படிப் பறிப்பார்கள்?" என்று ஒரு கேள்வி வரலாம். சர்க்காரின் ‘டிஜிலாக்கர்’, ‘எம்பரிவாகன்’ ஆகியவற்றில் காட்டும் லைசென்சு அசலுக்குச் சமம் என்று 2018-லேயே ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் அதற்கு ஏற்றாற்போல், பறிமுதலையும் கம்ப்யூட்டரிலேயே பதிய வழி செய்துவிட்டார்கள். பீரோவில் அட்டை பத்திரமாக இருக்கும். லைசென்சு மட்டும் இருக்காது!

வண்டிச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. லைசென்சு இல்லாத ஆளிடம் வண்டியைக் கொடுத்தால் சொந்தக்காரருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்துவிட்டால் அதைவிட மோசம். டிரைவருக்கு லைசென்சு இல்லை என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், இன்சூரன்சு கம்பெனி நஷ்டஈட்டை முதலில் கட்டிவிட்டு, அதைச் சொந்தக்காரரிடம் திருப்பி வசூல் செய்ய முடியும். 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே இதற்கு இடம் இருக்கிறது. அடிபட்டவருக்கு லட்சக்கணக்கில் கொடுக்கவேண்டிய பணம், ஒரு சின்ன வண்டிக்காரரின் வீட்டையே விழுங்கிவிடும்.

அதனால் அந்த மூன்று மாதமும் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதே மேல். வேறு டிரைவரை உட்காரவைத்து, தான் கிளீனராகப் பக்கத்தில் ஏறிக்கொள்ளலாம். கூலி குறையும், வழக்கு வராது.

திரும்பி வாங்கும் நாள்

மூன்று மாதம் முடிந்தால் லைசென்சு தானாக வீடு தேடி வரும் என்று காத்திருக்கவேண்டாம். இடையில் ஒரு வேலை இருக்கிறது. தகுதி இழந்தவர், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் மறுபயிற்சி முடிக்கவேண்டும். முடித்தால்தான் லைசென்சு திரும்பும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. கடைசி வாரம்வரை ஒத்திப்போடாமல் முதல் மாதத்திலேயே ஆபீசில் கேட்டு, எந்தப் பள்ளி, எத்தனை நாள் என்று தெரிந்துகொண்டால் வீணாக நாள் போகாது.

போலீசார் கொடுத்த சீட்டு, ஆர்.டி.ஓ. உத்தரவு, பயிற்சிச் சான்றிதழ், அபராத ரசீது ஆகியவற்றோடு போய், லைசென்சைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேட்கவேண்டும். "ஃபைல் வரவில்லை, அடுத்த வாரம் வா" என்று இழுத்தடித்தால், மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். அப்படியும் அசையவில்லையா? 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், "என் லைசென்சு இப்போது எந்த மேஜையில் இருக்கிறது?" என்று 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். கேள்வி கிடைத்ததும் ஃபைல் கண்ணில் பட்டுவிடுவதும் உண்டு!

லைசென்சு கைக்கு வந்ததும் பெயர், எண், எந்தெந்த வண்டி ஓட்டலாம் என்ற விவரம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளவேண்டும். கம்ப்யூட்டரிலும் தடை நீங்கிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அட்டை கையில் இருந்தும் ஏட்டில் தடை இருந்தால், அடுத்த நாற்சந்தியிலேயே மறுபடி நிற்க நேரிடும்.

இன்னொன்று, காலாவதித் தேதி. மூன்று மாதம் ஆபீஸ் அலமாரியில் கிடக்கும்போதே சிலருடைய லைசென்சின் ஆயுள் முடிந்துபோயிருக்கும். அப்படியானால் புதுப்பித்த பிறகே வண்டியை எடுக்கவேண்டும். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால், புதிதாகக் கற்றுக்கொள்பவரைப்போல மறுபடியும் ஓட்டிக் காட்டவேண்டும்.